அமெரிக்கச் சபைகள் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கு எதிராகக் களத்தில் இறங்கியது எப்போதிலிருந்து?

தேரிக்காடு (கேள்வி):

டெக்சாஸில் டாலஸ் பக்கம் வந்து நாலு வருடம் ஆகிறது. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம், நாலு தலைமுறையாக சிஎஸ்ஐ. ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, அசனத்துக்குப் பந்தி பரிமாறியது என்று கோயிலைச் சுற்றியே வளர்ந்தவன். இங்கே வந்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பாப்டிஸ்ட் சபைக்குப் போக ஆரம்பித்தோம். மகள் பிறந்தபோது மூன்று வாரம் எங்களை அடுப்புப் பற்றவைக்கவே விடவில்லை, ஆள் மாற்றி ஆள் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்த அன்பை நான் குறைத்துப் பேச வரவில்லை.

2025 ஜூனில் தெற்கு பாப்டிஸ்ட் சபைகளின் வருடாந்தர மாநாடு இதே டாலஸில் நடந்தது. ஒருபால் திருமணம் நாடு முழுக்கச் செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு மாற வேண்டும் என்று அதில் தீர்மானம் போட்டார்கள். அடுத்த ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் அதுதான் பேச்சு. ஒருவர் தீர்மானத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார், வாசித்து முடித்ததும் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே இருந்தேன், வகுப்பு முடிகிறவரை ஒரு வாய் குடிக்கவில்லை.

காரணம் என் தம்பி. கூடப்பிறந்தவன், பெங்களூரில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி போன் செய்து, "அண்ணா, உன்கிட்ட மட்டும் சொல்றேன்" என்று சொன்னான். பத்தாம் வகுப்பிலிருந்தே தெரியுமாம். அத்தனை வருடம் பக்கத்துப் பாயில் படுத்துத் தூங்கியவன், எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஊரில் இதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. ஆதரவும் கிடையாது, எதிர்ப்பும் கிடையாது, பேச்சே கிடையாது. இங்கே மட்டும் தேர்தல், பள்ளிக்கூடம், நீதிமன்றம் என்று எல்லாவற்றிலும் இது வருகிறது. எப்போதுமே இப்படித்தானா, இல்லை ஒரு கட்டத்தில் ஆரம்பித்ததா? இவர்கள் உண்மையிலேயே சட்டத்தை எவ்வளவு மாற்றினார்கள்? கிறிஸ்தவத்தைத் திட்டும் பதில் வேண்டாம், நான் விசுவாசி. நடந்தது என்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அலைவாய்:

நண்பரே, நான் மியாமியில் இருபது வருடமாக இருக்கிறேன், நீங்கள் கேட்கும் கதை ஒருவகையில் எங்கள் ஊரில்தான் ஆரம்பிக்கிறது. வேத வசனங்கள் பழையவைதான், தன்பாலுறவைத் தண்டிக்கும் சட்டங்களும் அமெரிக்காவில் பழையவைதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் முன்னால் வைத்து சபைகள் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டது, அதில் பெரிய அளவில் ஜெயித்தது, 1977இல்தான்.

அந்த வருடம் ஜனவரி 18ஆம் தேதி, மியாமி அடங்கிய டேட் கவுண்டியின் நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது. வேலை கொடுப்பதிலும் வீடு வாடகைக்கு விடுவதிலும் ஓட்டல் மாதிரியான பொது இடங்களிலும் ஒருவருடைய பாலீர்ப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். திருமணம் என்ற பேச்சே அப்போது கிடையாது. அதை எதிர்த்துக் கிளம்பியவர் அனிதா பிரையன்ட், நாடே அறிந்த பாடகி, ஃப்ளோரிடா ஆரஞ்சுச் சாறு விளம்பரத்தில் தினமும் டிவியில் வந்த முகம், தெற்கு பாப்டிஸ்ட் விசுவாசி. மதப் பள்ளிகள்கூட தன்பாலீர்ப்பாளர்களை ஆசிரியர்களாக வைத்துக்கொள்ள வேண்டிவரும் என்பது அவருடைய பயம். இயக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயரே 'நம் குழந்தைகளைக் காப்பாற்றுவோம்'. வாக்கெடுப்பு நடத்த 10,000 கையெழுத்து போதும் என்ற இடத்தில் 60,000க்கும் மேல் திரட்டிவிட்டார்கள், அதில் பெரும்பங்கு சபைகள் வழியாக வந்தது. மியாமியின் ஆரஞ்சுக் கிண்ண ஊர்வலத்தில் பிள்ளைகள் பேண்டு வாசித்துப் போவதையும் சான் ஃப்ரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பாளர் ஊர்வலத்தையும் அடுத்தடுத்துக் காட்டி டிவி விளம்பரம் போட்டார்கள். ஜூன் 7 வாக்கெடுப்பில் கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் அந்தச் சட்டத்தை நீக்க ஓட்டுப் போட்டார்கள்.

அங்கேதான் மற்றவர்கள் பாடம் படித்தார்கள். அடுத்த வருடமே மினசோட்டாவின் செயின்ட் பால், கான்சாஸின் விச்சிட்டா, ஆரிகனின் யூஜீன் என்று வரிசையாக அதே மாதிரி சட்டங்கள் வாக்கெடுப்பில் போயின. அனிதாவுக்காக மியாமிக் கூட்டத்துக்கு வந்து பேசிய பாப்டிஸ்ட் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 1979இல் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பை ஆரம்பித்தார், அதற்கப்புறம் குடியரசுக் கட்சியில் அந்தக் குரலைத் தவிர்த்துவிட்டு யாரும் நிற்க முடியாத நிலை வந்தது.

எல்லா இடத்திலும் ஜெயித்தார்கள் என்றும் நினைக்காதீர்கள். 1978 நவம்பரில் கலிஃபோர்னியாவில், தன்பாலீர்ப்பாளர்களும் அவர்களை ஆதரித்துப் பேசுகிறவர்களும் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு வாக்கெடுப்பு வந்தது. தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லி சான் ஃப்ரான்சிஸ்கோ நகர மன்றத்துக்குத் தேர்வான ஹார்வி மில்க் ஊர் ஊராகப் போய் விவாதம் செய்தார், பின்னால் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகனே அதை எதிர்த்து எழுதினார், 58 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருபது நாள் கழித்து மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எவ்வளவு மாறியது என்று கேட்டீர்கள். எங்கள் கவுண்டியில் அந்தப் பாதுகாப்புச் சட்டம் திரும்ப வர 1998 டிசம்பர் ஆயிற்று, அதுவும் 7க்கு 6 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில். அதே 1977 சூட்டில் ஃப்ளோரிடா மாநிலம் தன்பாலீர்ப்பாளர்கள் குழந்தை தத்தெடுக்கத் தடை போட்டது, அது 2010 வரை இருந்தது. 33 வருடம். வளர்ப்புப் பிள்ளையாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள அரசு அனுமதிக்கும், அதே பிள்ளையை உன் பிள்ளை என்று எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அந்த வருடங்களில் வீடு கிடைக்காமலே வளர்ந்துபோன பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை, குழந்தைகளைக் காப்பாற்றுவோம் என்று பெயர் வைத்து ஆரம்பித்த இயக்கம் இது.

மல்லிச்செடி:

அலைவாய் சொன்ன அந்தக் குழந்தை பயம் முப்பது வருடம் கழித்தும் அப்படியே வந்தது, நான் நேரில் பார்த்தேன். 2008இல் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இருந்தோம். அந்த வருடம் மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை அனுமதித்தது, ஜூனிலிருந்து நவம்பர் வரை ஏறத்தாழ 18,000 ஜோடிகள் திருமணம் செய்துகொண்டார்கள். அதை நிறுத்த வந்ததுதான் 8ஆம் எண் வாக்கெடுப்பு. மார்மன் சபைத் தலைமை எழுதிய கடிதம் ஜூன் கடைசியில் அவர்களுடைய எல்லாச் சபைகளிலும் வாசிக்கப்பட்டது, நேரமும் பணமும் கொடுங்கள் என்று. கத்தோலிக்க அமைப்புகள், சுவிசேஷ சபைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. வேறு நாளில் ஒருவரையொருவர் கிறிஸ்தவர் என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் இவர்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து 8 கோடி டாலர் அளவுக்குச் செலவழித்தார்கள்.

எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் நாங்கள் எட்டுக் குடும்பம், எல்லாரும் தமிழும் மலையாளமும். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் குழுத் தலைவர் காரின் டிக்கியைத் திறந்து, வாசல் புல்லில் குத்திவைக்கிற மஞ்சளும் நீலமுமான அட்டைகளை ஆளுக்கொன்று கொடுத்தார். வாங்கினேன். வேண்டாம் என்று சொல்ல அந்த இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. காரேஜில் சைக்கிளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன், குத்தவும் இல்லை, எறியவும் இல்லை.

டிவியைப் போட்டால் ஒரு விளம்பரம். சின்னப் பெண் பள்ளி விட்டு வந்து, ஒரு இளவரசன் இன்னொரு இளவரசனைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இன்று படித்தேன் அம்மா என்று சொல்கிறாள், அம்மா அதிர்ந்துபோகிறாள். என் மகளுக்கு அப்போது ஏழு வயது, அவளும் என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். திருமணச் சட்டம் பற்றிய வாக்கெடுப்பில் பள்ளிக்கூடம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை, பயம் மட்டும் வந்தது.

அந்த வருடம்தான் எனக்கு முதல் ஓட்டு. வாக்குச்சீட்டில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு இந்த ஒன்றை மட்டும் வெறுமனே விட்டுவிட்டேன். 52 சதவீதத்தில் அது ஜெயித்தது. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைப் பெண்ணும் அவள் துணையும் ஆகஸ்டில்தான் திருமணம் செய்திருந்தார்கள், நான் வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தேன். தேர்தலுக்கு மறுநாள் காலை அவள் வந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்து வேலையை ஆரம்பித்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எப்படி ஓட்டுப் போட்டேன் என்று அவள் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பதினாறு வருடம் யோசித்திருக்கிறேன். 2013இல் வழக்கு முடிந்து திருமணங்கள் திரும்பத் தொடங்கின, 2024 நவம்பரில் அந்தப் பழைய வாசகத்தையே மாநில அரசியல் சாசனத்திலிருந்து எடுக்கும் வாக்கெடுப்பு வந்தது. அந்த முறை நான் நிரப்பினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே மார்மன் சபை 2015இல் யூட்டா மாநிலத்தில் வீடு, வேலை இரண்டிலும் தன்பாலீர்ப்பாளருக்குப் பாதுகாப்புத் தரும் சட்டத்தை ஆதரித்தது. 2022இல் ஒருபால் திருமணங்களுக்கு அங்கீகாரம் கொடுத்த நாடாளுமன்றச் சட்டத்தையும் ஆதரித்தது. அவர்களுடைய உபதேசம் மாறவில்லை, ஆனால் வெளியில் இருப்பவர்கள் எப்படி வாழலாம் என்பதில் கொஞ்சம் இறங்கிவந்தார்கள்.

ஓலைப்பெட்டி:

நான் வேறு பக்கம் நிற்பவன், மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விசுவாசிகள் தங்கள் மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டார்கள், கூட்டம் போட்டார்கள், பணம் கொடுத்தார்கள். இதில் சட்டவிரோதம் என்ன? மார்ட்டின் லூதர் கிங்கும் பாஸ்டர்தானே, சபைக்குள்ளிருந்துதானே அவருடைய இயக்கம் வந்தது. அவர் செய்தால் ஊழியம், இவர்கள் செய்தால் ஆதிக்கமா?

அப்புறம், செல்வாக்கு செல்வாக்கு என்கிறீர்கள், 1996இல் கேலப் கருத்துக்கணிப்பு எடுத்தபோது ஒருபால் திருமணத்தை ஆதரித்தவர்கள் 27 சதவீதம்தான். அந்த வருடம் மத்திய அரசு இப்படிப்பட்ட திருமணத்தை அங்கீகரிக்காது என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் பில் கிளின்டன், ஜனநாயகக் கட்சிக்காரர். 2008இல் ஒபாமாவும் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்று சொன்னார். அப்படியென்றால் சபைகள் மக்களை மாற்றினவா, மக்கள் ஏற்கனவே நினைத்திருந்ததைச் சொன்னார்களா? என் பிள்ளைகளுக்கு நான் என்ன நம்புகிறேனோ அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு இடம் இருக்க வேண்டும். அது பறிபோகும் என்று ஒருவர் பயந்தால் அது வெறுப்பு ஆகாது. தேரிக்காடு அண்ணா, உங்கள் சபையார் உங்கள் தம்பியை வெறுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மணிமுத்தாறு:

ஓலைப்பெட்டி, உங்கள் கேள்வி நியாயமானது, அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். ஓட்டுப் போட்டது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. எதைக் கேட்டு ஓட்டு வாங்கினார்கள் என்பதுதான் விஷயம்.

கொலராடோவைப் பாருங்கள். ஜேம்ஸ் டாப்சனின் 'ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி' அமைப்பு 1991இல் கலிஃபோர்னியாவிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு இடம் மாறியது, அந்த ஊர் சுவிசேஷ அமைப்புகளின் தலைநகரம் மாதிரியே ஆனது. 1992இல் அந்த ஊரிலிருந்தே கிளம்பிய ஒரு குழு மாநில அரசியல் சாசனத்துக்கு இரண்டாம் திருத்தத்தைக் கொண்டுவந்தது. டென்வர், போல்டர், ஆஸ்பென் நகரங்கள் தன்பாலீர்ப்பாளருக்குக் கொடுத்திருந்த பாதுகாப்பை அது ரத்து செய்தது, அதோடு நிற்கவில்லை. இனிமேல் மாநிலத்தில் எந்த ஊரும், எந்தத் துறையும் இவர்களுக்கு இப்படிப்பட்ட பாதுகாப்பைக் கொடுக்கவே கூடாது என்றது. மற்ற எல்லாரும் தங்கள் நகராட்சியில் போய் ஒரு சட்டம் கேட்கலாம், இவர்கள் மட்டும் கேட்க வேண்டுமானால் முதலில் மாநிலம் முழுக்க ஓட்டு வாங்கி அரசியல் சாசனத்தை மாற்ற வேண்டும். 'சிறப்புச் சலுகை வேண்டாம்' என்பது பிரசாரத்தின் வாசகம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லக் கூடாது என்பது என்ன சிறப்புச் சலுகை? 53 சதவீதத்தில் அது ஜெயித்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தள்ளிவிட்டது, ஒரு கூட்டத்தாரை மற்ற எல்லாருக்கும் கீழே வைப்பதைத் தவிர இதற்கு வேறு நோக்கம் தெரியவில்லை என்கிற ரீதியில் நீதிபதி கென்னடி எழுதினார்.

கிங் ஐயாவோடு ஒப்பிட்டதற்கு இதுதான் என் பதில். அடைத்திருந்த கதவைத் திறக்கச் சொன்னார் அவர்.

மக்கள் ஏற்கனவே அப்படித்தான் நினைத்தார்கள் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மனதுக்குள் இருக்கும் சங்கடம் வேறு, அதைச் சட்டமாக்குவது வேறு. 2004 நவம்பரில் ஒரே நாளில் 11 மாநிலங்கள் திருமணத் தடையை அரசியல் சாசனத்தில் எழுதின. மசாசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் முந்தின நவம்பரில் ஒருபால் திருமணத்தை அனுமதித்துத் தீர்ப்புக் கொடுத்த ஒரே வருடத்துக்குள் இது நடந்தது. கையெழுத்துத் தாள், வாக்காளர் பட்டியல், ஞாயிறு அறிவிப்பு, தேர்தல் நாளில் வண்டி என்று சபைகளிடம் எல்லாம் தயாராக இருந்தது.

இப்போது வாக்கெடுப்பில் ஜெயிக்க முடியாது. அதே கேலப் 2023இல் கேட்டபோது 71 சதவீதம் ஆதரவு. அதனால் வேலை நீதிமன்றத்துக்கு நகர்ந்தது. 'அலையன்ஸ் டிஃபெண்டிங் ஃப்ரீடம்' என்ற சட்ட அமைப்பு நடத்திய வழக்குகளில்தான் 2018இல் கல்யாணக் கேக் செய்ய மறுத்த கொலராடோ கடைக்காரரும், 2023இல் ஒருபால் ஜோடிகளுக்குத் திருமண இணையதளம் செய்ய மாட்டேன் என்ற வடிவமைப்பாளரும் ஜெயித்தார்கள். முன்பு அவர்களுக்கு உரிமை கொடுக்காதே என்ற வாதம், இப்போது எங்களுக்கு விலக்குக் கொடு என்ற வாதம். உங்கள் பிள்ளைக்கு உங்கள் நம்பிக்கையைச் சொல்லிக்கொடுக்கும் இடம் 1977இலும் இருந்தது, இன்றும் அப்படியே இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

ஜெபத்தாலும் ஆலோசனையாலும் மாற்றிவிடலாம் என்று 1976இல் ஆரம்பித்த 'எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்' என்ற ஊழியத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரே சில வருடத்தில் விலகி, பின்னால் மன்னிப்புக் கேட்டார். 2013 ஜூனில் அப்போதைய தலைவர் ஆலன் சேம்பர்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார். மாறாமல் போனவர்கள், தங்கள் விசுவாசம்தான் குறைவு என்று நினைத்து வருடக்கணக்கில் தங்களையே வருத்திக்கொண்டார்கள். தேரிக்காடு, உங்கள் தம்பியை யாராவது இப்படி ஒரு முகாமுக்கு அனுப்பச் சொன்னால் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

ஜின்ஜாக்காரன்:

அமெரிக்காவுக்குள் தோற்க ஆரம்பித்ததும் இது வெளியே போன கதையை யாரும் சொல்லவில்லை. நான் உகாண்டாவில் ஒன்பது வருடம் இருந்தேன், ஒரு மொத்தக் கடையில் கணக்கு. 2009 மார்ச்சில் ஸ்காட் லைவ்லி என்ற அமெரிக்கப் போதகரும் இன்னும் இரண்டு அமெரிக்கர்களும் கம்பாலாவுக்கு வந்து மூன்று நாள் கருத்தரங்கு நடத்தினார்கள், தன்பாலீர்ப்பாளர்கள் பிள்ளைகளைப் பிடிக்க வருகிறார்கள் என்ற அதே பேச்சு. அக்டோபரில் டேவிட் பஹாட்டி என்ற எம்பி மரண தண்டனையோடு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். மரண தண்டனை தன் யோசனை இல்லை என்று லைவ்லி அப்புறம் சொன்னார். சொல்லட்டும், நெருப்பு வைத்துவிட்டு விமானம் ஏறினால் புகை இங்கேதானே.

2010 அக்டோபரில் ஒரு வாரப் பத்திரிகை, தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லி ஆட்களின் போட்டோவும் பெயரும் போட்டு, தூக்கில் போடுங்கள் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்தது. எங்கள் கடை வாசலில் பேப்பர் விற்கும் பையன் அதைக் கயிற்றில் மாட்டி வைத்திருந்தான். கடைப் பையன்கள் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று பக்கத்தைப் புரட்டினார்கள். அந்த முதல் பக்கத்தில் இருந்த முகங்களில் ஒன்று டேவிட் கடோ. பத்திரிகைமேல் வழக்குப் போட்டு ஜெயித்தார், சில வாரத்தில் 2011 ஜனவரி 26 அன்று அவர் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். திருட்டு என்றது போலீஸ் முதலில். அடக்கத்தில் வந்த போதகர் தன்பாலீர்ப்பாளர்களைக் கண்டித்துப் பிரசங்கிக்க ஆரம்பித்துவிட்டார், கூட வந்தவர்கள் மைக்கைப் பிடுங்கினார்கள். கடைசியில் ஜெபம் செய்து அடக்கம் செய்தவர் கிறிஸ்டஃபர் சென்யோன்ஜோ, ஓய்வுபெற்ற ஆங்கிலிக்கன் பிஷப், இவர்களுக்காகப் பேசியதால் சபை அவரை ஒதுக்கி வைத்திருந்தது.

மசோதா 2014இல் ஆயுள் தண்டனையோடு சட்டமாகி, போதுமான உறுப்பினர்கள் அவையில் இல்லாமல் நிறைவேற்றினார்கள் என்று நீதிமன்றம் ரத்து செய்து, 2023இல் சில வகைக்கு மரண தண்டனையோடு திரும்ப வந்துவிட்டது. எல்லாப் பழியும் அமெரிக்கப் போதகர்கள் மேல் என்று சொல்ல மாட்டேன், உள்ளூர் பாஸ்டர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் அவரவர் கணக்கு இருந்தது, பழைய தண்டனைச் சட்டமோ, தன்பாலுறவைக் குற்றமாக்கிய நம் ஊர் 377ஆம் பிரிவு போல, வெள்ளைக்காரன் எழுதி வைத்தது. ஆனால் அந்தக் கருத்தரங்குக்கு முன்னால் கடையில் இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் பேசாத நாள் இல்லை.

பூவரசு:

தேரிக்காடு தம்பி, நான் ஓய்வுபெற்ற செவிலியர், ஐந்து பிள்ளைகளுக்குப் பாட்டி, விசுவாசி. எல்லாரும் ஒரு பக்கத்துக் கிறிஸ்தவர்களையே சொல்கிறார்கள், மறுபக்கமும் இருக்கிறது. ட்ராய் பெர்ரி என்ற பெந்தெகொஸ்தே போதகர், தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லி அவருடைய சபை அவரை வெளியே அனுப்பியது. 1968 அக்டோபர் 6ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் தன் வீட்டு முன்னறையில் 12 பேரை வைத்து ஆராதனை நடத்தினார், மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் அப்படித்தான் பிறந்தது. அனிதா பிரையன்டுக்கு ஒன்பது வருடம் முன்னால். 1973இல் நியூ ஆர்லியன்ஸில் அந்தச் சபையார் கூடும் மதுக்கூடத்தில் யாரோ தீ வைத்து 32 பேர் செத்தார்கள், அவர்களுடைய போதகரும் அதில் ஒருவர். அடக்க ஆராதனைக்கு இடம் கொடுக்க ஊரில் பல கோயில்கள் மறுத்தன. அப்படியும் அந்தச் சபை நின்றது.

யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் 1972இலேயே வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுத்தது, 2005இல் ஒருபால் திருமணத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. மெதடிஸ்டுகள் இந்த ஒரு விஷயத்தில் உடைந்து, அமெரிக்காவில் ஏறத்தாழ கால்வாசிச் சபைகள் வெளியேறின, மீதி இருந்தவர்கள் 2024 மே மாதம் பழைய தடையை நீக்கினார்கள். ஓலைப்பெட்டி தம்பி சொல்கிற மனசாட்சி இவர்களுக்கும் உண்டு, இவர்களும் அதே வேதாகமத்தைத்தான் வாசிக்கிறார்கள்.

நம் ஊரில் பேச்சே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் 377ஐத் தளர்த்தியதும் உச்ச நீதிமன்றத்துக்கு எதிர்த்துப் போனவர்களில் கிறிஸ்தவச் சபைக் கூட்டமைப்புகள் இருந்தன, முஸ்லிம் தனிச்சட்ட வாரியம் இருந்தது, பாபா ராம்தேவ் தரப்பு இருந்தது, நம் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகமும் இருந்தது. 2013இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது, 2018 செப்டம்பர் 6 அன்றுதான் அது மாறியது. 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் வழக்கில், இவர்களைக் குணப்படுத்துகிறேன் என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். தனக்கே இதில் புரிதல் போதாது என்று சொல்லி ஒரு மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் எழுதினார். உங்கள் அம்மாவிடம் சொல்லும் நாள் வரும்போது அந்தத் தீர்ப்பைத் தம்பியும் நீங்களும் ஒருமுறை வாசியுங்கள்.

டாலஸிலேயே கதீட்ரல் ஆஃப் ஹோப் இருக்கிறது, சீடர் ஸ்பிரிங்ஸ் சாலையில். 1970இல் 12 பேரோடு ஆரம்பித்தது, இன்று பெரிய சபை.

தேரிக்காடு:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மல்லிச்செடி அக்கா, காரேஜில் வைத்த அட்டையைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தம்பி விஷயம் அதுவரை அவளுக்கும் தெரியாது, அன்றைக்குத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவன் தனியாகவா இருக்கிறான் என்று மட்டும் கேட்டாள்.

ஓலைப்பெட்டி, எங்கள் சபையார் என் தம்பியை வெறுக்கவில்லை, அது எனக்கும் தெரியும், அவர்களுக்கு அவனைத் தெரியவே தெரியாது. இந்த ஞாயிறு வகுப்பு நடத்துபவரிடம் தனியாகப் பேசலாம் என்றிருக்கிறேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு என் தம்பியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். தம்பிக்கு நேற்று போன் செய்து சம்மதம் கேட்டுவிட்டேன், பெயரைச் சொல்லாமல் சொல் என்றான்.

டிசம்பரில் மூன்று வாரம் இங்கே வருகிறான். பூவரசு அம்மா, அந்தச் சீடர் ஸ்பிரிங்ஸ் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனை எத்தனை மணிக்கு, கைக்குழந்தையோடு போனால் இடம் இருக்குமா என்று தெரிந்தால் சொல்லுங்கள்.